வங்காளத் தண்ணி

கல்கத்தா மழைக்கும் இட்லி மாவுக்கும் ஜென்மப் பகை. ஒருநாள் பொங்கி அண்டாவுக்கு வெளியே ஓடும். மறுநாள் மூடியைத் திறந்தால் போட்டது போட்டபடி கிடக்கும். அன்றைக்கு நாகம்மாவுக்கு இரண்டாவது ரகம் வாய்த்தது. "மூதேவி, எந்திரிக்கியா இல்லையா?" என்று மாவை வைதபடியே அண்டாவைக் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். பவானிபூரில் அவளிடம் மாவு வாங்குவது தமிழ் வீடுகள் மட்டுமில்லை, தோசைக்கு ஆசைப்பட்ட வங்காளிகளும் குஜராத்திகளும் உண்டு. மாவு புளிக்கவில்லை என்றால் அத்தனை பேருக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். மழையா வந்து சொல்லும்?

வெளியே சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் சளக் சளக்கென்று யாரோ நடந்து வந்து மாடிப்படி ஏறினார்கள். எட்டிப் பார்த்தால் ஷியாமளா மாமி. பின்னாலேயே அவள் புருஷன் ராமன், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் ஷூவுமாக. மத்திய சர்க்கார் கணக்கு ஆபீசில் அதிகாரி, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர்கள் மகள் அனன்யா இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நாகம்மாவின் புருஷன் மாரியப்பன் ஓட்டும் ஸ்கூல் வேனில்தான் அவள் போய் வருவது. வங்காளப் பிள்ளைகளைப்போல அவனை 'காக்கு', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவாள்.

"மாவு இன்னும் எந்திரிக்கல மாமி. சாயங்காலம் நானே கொண்டாந்து தாரேன்."

"மாவுக்கு வரல நாகம்மா. இன்னிக்குக் குழந்தைய நாங்களே ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வரோம். அவர் இருக்காரா?"

"தூங்குதாக. காலைல பிள்ளைகள விட்டுட்டு வந்து படுத்தாக. எழுப்பணுமா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'படுத்தாக' என்ற சொல்லில் என்ன குற்றம் கண்டார்களோ, நாகம்மாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"எழுப்ப வேண்டாம். முதல்ல உங்ககிட்டயே கேட்டுடறேன்" என்றாள் ஷியாமளா. "நேத்திக்கு ராத்திரி குழந்தைக்குச் சாதம் ஊட்டிண்டிருந்தேன். தானா சொல்றா. 'அம்மா, மாரி காக்கு சிக்னல்ல வண்டிய நிறுத்தினா தண்ணி சாப்பிடறார்'ங்கறா. எனக்கு சாதக் கிண்ணமே கையிலேர்ந்து நழுவிடுத்து. என்னடி சொன்னேன்னு திரும்பக் கேட்டேன். 'டெய்லி சாப்பிடறார்'ங்கறா."

நாகம்மா உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மற்ற வீட்டில் எப்படியோ, அந்த வீட்டில் தண்ணி என்பது லேசான சொல் இல்லை. மாரியப்பன் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பட்டாளத்தில் லாரி ஓட்டி, கல்கத்தாவிலேயே ஓய்வு பெற்று, இங்கேயே ஒரு வேனை வாங்கிப் போட்டவன். பட்டாளத்துக்காரனுக்கு கேண்டீனில் கோட்டா உண்டு. கோட்டா உண்டென்றால் ரம் உண்டு. நாகம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், தெருமுனை மதுக்கடையில் 'எஃப்.எல். ஆஃப் ஷாப்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சாராயக் கடைய ஆஃப் பண்ணிட்டாகளே, தங்கமான சர்க்கார்" என்று சந்தோஷப்பட்டவள். வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் குடிக்கிற கடைக்குத்தான் அப்படிப் போர்டு என்று தெரிந்தபோது அவள் சந்தோஷம் ஆஃப் ஆகிவிட்டது.

ஒரு துர்கா பூஜை சமயத்தில் மாரியப்பன் பந்தல் வாசலில், அத்தனை பாஷைச் சனமும் பார்க்க, சாக்கடைக்குள் விழுந்து கிடந்தான். மறுநாள் நாகம்மா அவனைக் காளிகாட்டுக்கு இழுத்துப் போனாள். நம் ஊர் வழக்கப்படி உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, "இனிமே ரம்மத் தொட்டா எம் மக ஜெயப்ரியா தலையில இடி விழட்டும்" என்று சொல்லி அடித்து அணைத்தான். அங்கே இருந்த பூசாரி நெருப்பு நெருப்பென்று கத்தி ஊரைக் கூட்டியது தனிக் கதை. அதற்குப் பிறகு வீட்டில் ரம் வாடையே இல்லை. கோட்டா பாட்டில் வந்தால் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவான். வாய் நமநமவென்கிறது என்று ஜர்தா பான் போடப் பழகினான். அந்த வெற்றிலைச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் நாகம்மாவுக்கு மனசுக்குள் ஒரு பெருமை. என் புருஷன் திருந்திவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"மாமி, குழந்த ஏதோ தெரியாமச் சொல்லியிருக்கும். அவுக தொடுததில்ல. காளி சாட்சி" என்றாள்.

ராமன் குடையை மூலையில் சாத்தினார். "இதோ பாருங்கோ, நான் சண்டைக்கு வரல. குழந்தைகள் போற வண்டி. குடிச்சுட்டு ஓட்டினா ஜெயில்னு சட்டம் இருக்கு. லைசென்ஸ் போயிடும். சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? எல்லா பேரண்ட்ஸும் க்ரூப்ல இருக்கா. நான் ஒரு மெசேஜ் போட்டேன்னா நாளைக்கு உங்க வண்டியில ஒரு குழந்தை ஏறாது. போடறதுக்கு முன்னாடி கேட்கலாம்னு வந்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வேன் நின்றால் வீடு நின்றுவிடும். அது தெரிந்துதான் சொல்கிறார் மனுஷன்.

"யாரு சார் குடிக்கா?"

உள்ளேயிருந்து மாரியப்பன் வந்தான். லுங்கியும் பனியனும், வாய் நிறைய பான். சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, "எந்த போலீஸ் சார்ஜெண்ட்ட வேணும்னாலும் கூப்பிடுங்க. ஊதுதேன். மிஷின் கூவுச்சுன்னா இந்த மீசைய எடுத்துட்டு அலையுதேன்" என்றான்.

"கோவப்படாதீங்கோ மாரியப்பன்."

"கோவம் இல்ல சார். சட்டம்னீங்களே, அதுதான் கேக்கேன். காந்தி ஜெயந்திக்குக் கடையடைப்பு, மாரியப்பா, கோட்டாவுல ஏதாச்சும் கிடக்கான்னு போன் போட்டீங்களே. அதுவும் இந்த சட்டத்துலதான் வருமா, இல்ல அது வேற சட்டமா?"

ராமன் குடையின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். ஷியாமளா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஈரச் சட்டையே காய்ந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மாசிமா படியேறி வந்தாள். வீட்டுக்காரி, எழுபதைத் தாண்டியவள், மேலே என்ன சத்தம் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நனைந்து நிற்கிற விருந்தாளிகளைப் பார்த்ததும், வந்த காரியத்தை மறந்துவிட்டு, "ஆஹா ரே, ஒரே ஈரம்! உட்காருங்க. ஜொல் காபேன்?" என்றாள்.

நாகம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மாமி! இதுதான் மாமி! கேட்டீங்களா?"

"என்னது?"

"ஜொல் காபேன்னா என்ன அர்த்தம்? தண்ணி சாப்பிடுதீங்களா? இந்த ஊர்ல எல்லாத்தையும் சாப்பிடத்தான் மாமி செய்வாக. சோறும் சாப்பிடுவாக, டீயும் சாப்பிடுவாக, சிகரெட்டும் சாப்பிடுவாக. அடி வாங்குனாக்கூட இங்க அடி சாப்பிட்டேன்னுதான் சொல்லுதாக. பாப்பா பேசுதது முழுக்க வங்காளம். அத அப்படியே தமிழ்ல கவுத்தியிருக்கு. காக்கு ஜொல் காச்சே. காக்கு தண்ணி சாப்பிடுதாரு. இது வங்காளத் தண்ணி மாமி. தாகத்துக்குத் தண்ணி குடிச்ச மனுசனப் போயி..."

ஷியாமளாவின் முகம் மெல்ல மாறியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஆமாம்... ஆமாம், அவ அப்படித்தான் பேசறா. போன வாரம் எங்கம்மாகிட்ட போன்ல, 'பாட்டி, நான் ஐஸ்க்ரீம் சாப்பிட்டேன், தண்ணி சாப்பிட்டேன், அப்பா பால்கனில சிகரெட் சாப்பிட்டார்'னா. எங்கம்மா சிரிச்சு..." சட்டென்று நிறுத்தினாள். "ஏன்னா, சிகரெட்ட விட்டுட்டேன்னேளே?"

"அது... எப்பவோ ஒண்ணு" என்றார் ராமன். "இப்ப அதா முக்கியம்? விஷயம் தீர்ந்துடுத்து. வெறும் பாஷைக் குழப்பம். மாரியப்பன், மனசுல வெச்சுக்காதீங்கோ."

"எனக்கென்ன சார். பிள்ளை மனசுல கள்ளம் இல்ல" என்றான் மாரியப்பன் பெருந்தன்மையாக. போய்ப் படுத்துக்கொண்டான்.

மாசிமா கொண்டுவந்த தண்ணீரை ராமன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முதல் ஆளாகப் படியிறங்கினார். ஷியாமளா மட்டும் நின்றாள். மாவு ஒட்டியிருந்த நாகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. ஒரே குழந்தை. ராத்திரி முழுக்கத் தூங்கல. அவர் ஊதறேன் கீதறேன்னாரே, அதுக்காக இல்ல. உங்க வார்த்தைய நம்பித்தான் நாகம்மா அனுப்பறேன்."

"நீங்க நிம்மதியா போங்க மாமி."

இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "இன்னொண்ணு, சொன்னா சிரிப்பேள். குழந்தைக்குத் தாகம்னு கேட்டாளாம், அந்த பாட்டில்லேர்ந்து ஒரு வாய் குடுக்க மாட்டேன்னுட்டாராம். கையத் தட்டிவிட்டாராம். அழுதிருக்கா. தண்ணிதானே, ஒரு வாய் குடுக்கச் சொல்லுங்கோ."

"அது எச்சில் பாட்டில்ல மாமி, அதான் யோசிச்சிருப்பாக. இன்னையிலேர்ந்து பிள்ளைகளுக்குன்னு தனி பாட்டில் நானே வைக்கேன்."

அவர்கள் போனபிறகு நாகம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல், குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்ததே! மாவு அண்டாவைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி வந்திருந்தது. சரி, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஜெயப்ரியாவின் பழைய பள்ளிக்கூட பாட்டிலைத் தேடியெடுத்துக் கழுவினாள். ஜெயப்ரியா இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். பாட்டில் மூடியில் அவள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் இன்னும் பாதி இருந்தது. அதை அனன்யாவுக்குப் பிடிக்கும். தண்ணீரை ஊற்றி, பாட்டிலையும் ஆணியில் தொங்கிய வேன் சாவியையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள்.

வேன் சந்துமுனையில், தீபக்கின் டீக்கடையை ஒட்டி நின்றது. தீபக் பீகார்க்காரன். கடையின் பின்சுவரில் 'இங்கே புகை பிடிக்கக் கூடாது' என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நின்றுதான் ஆபீஸ் போகிற தெரு மொத்தமும் பீடி, சிகரெட் பற்ற வைக்கும். அன்றும் நாலு பேர் மழைக்கு ஒதுங்கிப் புகைந்துகொண்டிருந்தார்கள்.

நாகம்மா பின்கதவைத் திறந்து சீட்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அனன்யா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பாட்டிலை வைத்தாள். அப்புறம் டிரைவர் கதவைத் திறந்தாள். கதவுப் பைக்குள் மாரியப்பனின் பாட்டில் பாதி இருந்தது. பாவம் மனுஷன், நேற்றுப் பிடித்த தண்ணீரோ என்னவோ, கொட்டிவிட்டு நல்ல தண்ணீரை நிரப்புவோம் என்று மூடியைத் திருகினாள்.

"அரே பாபி, கொட்டாதீங்க!" கடைக்குள்ளிருந்து தீபக் அரைகுறை வங்காளத்தில் கத்தினான். "தாதா கோபிப்பார்!" அவனுக்கு அவள் பாபி, அண்ணி; மாரியப்பன் தாதா, அண்ணன்.

"தண்ணிதானப்பா?"

தீபக் சிரித்தான். புகைந்துகொண்டிருந்த நாலு பேரில் ஒருவனும் சிரித்தான். "எங்க பீகார்ல சட்டம் போட்டு மூடிட்டாங்க பாபி. ஒளிச்சு ஒளிச்சுத்தான் கிடைக்குது. இங்க உங்களுக்கென்ன, தண்ணி மாதிரி பாட்டில்லயே கிடக்குது."

நாகம்மா பாட்டிலை மூக்குக்குக் கொண்டுபோனாள். ரம் வாடை அவளுக்குத் தெரியும், பத்து வீடு தள்ளி இருந்தாலும் பிடித்துவிடுவாள். இது ரம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சில் தடவுவார்களே, அந்த வாடை லேசாக வந்தது. மனசு ஒப்பவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நாக்கை வைத்தாள். சுரீரென்று எரிந்தது.

தண்ணீரைப்போலவே நிறமில்லாத சரக்கு. குழந்தை தாகத்துக்குக் கேட்டபோது கையைத் தட்டிவிட்டானே, அது இதற்குத்தானா? வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. டீக்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் அந்தப் பச்சைக் குழந்தைக்கும் மட்டும்தான் அது தண்ணீர்.

மேலே போனபோது மாரியப்பன் மதிய ட்ரிப்புக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பொத்தான் ஓட்டையில் நுழைய மறுத்துக்கொண்டிருந்தது.

"சாவி எங்கட்டி? ஆணியில காணோம்."

"எங்கிட்ட இருக்கு."

"குடு. மழையில ட்ராஃபிக் கட்டிப்போடும். பிள்ளைக நிக்கும்."

"கைய நீட்டுங்க."

"என்னது?"

"ஊதுதேன்னீங்களே. ஊத வேண்டாம். ரெண்டு கையையும் நீட்டுங்க, பாப்போம்."

அவன் அவள் கையிலிருந்த பாட்டிலை அப்போதுதான் பார்த்தான். நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு மூடி நாகு. ஒரே ஒரு மூடி, தண்ணியக் கலந்து. அதுக்கு மேல நான் போறதில்ல. அதக் குடிச்சாத்தான் கை நிக்குது. ஆடுத கையோட பிள்ளைகள ஏத்திட்டுப் போகச் சொல்லுதியா?"

"சூடம் அணைச்சீங்களே. எம் பிள்ளை தலையச் சொல்லி அணைச்சீங்களே!"

"ரம்முக்குத்தானட்டி அணைச்சேன். அன்னையிலேர்ந்து ரம்மத் தொட்டிருக்கேனா, சொல்லு?"

நாகம்மாவுக்கு அந்தக் கணத்தில் அழுகை வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது. காளியிடமே சொல்லை மாற்றி ஏமாற்றியவனுக்குத் தான் எம்மாத்திரம்? அந்த வெற்றிலைச் சிவப்பை நினைத்துத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டோமே!

"இதோட எத்தனை நாளா அந்தப் பிள்ளைகள..."

"ஒரு கீறல் விழுந்திருக்கா? பட்டாளத்து டிரைவர்ட்டி நான். போலீஸ்காரன் ராத்திரிதான் ஊதச் சொல்லுவான். காலையில ஸ்கூல் வண்டிய இதுவரைக்கும் எவனும் நிறுத்துனதில்ல." அவன் குரலைத் தணித்துக்கொண்டு கிட்டே வந்தான். பானும் ஜர்தாவும் மணத்தது. "நீதான் அந்த மாமிகிட்ட எவ்வளவு அழகாச் சொன்ன, வங்காளத் தண்ணின்னு! பக்கத்துல நின்னுக்கிட்டு நானே அசந்துட்டேன். அவுக நம்பிட்டாக. அதயே பிடிச்சுக்கிடுவோம். அடுத்த மாசத்திலேர்ந்து விட்டுருதேன். சத்தியமா. இப்ப சாவியக் குடு."

"எதுக்கு அணைக்கப் போறீங்க இந்தத் தடவை? ஜின்னுக்கா, வோட்காவுக்கா?"

"நாகு, வேன் நின்னா நாம எங்க போவோம்? உன் மாவ வித்தா ஜெயப்ரியா படிச்சு முடிப்பா? யோசிச்சுப் பேசு."

அவள் யோசித்தாள். யோசிக்காமல் இல்லை. நர்சிங் கடைசி வருஷம், மாசிமா வீட்டு வாடகை, பவானிபூர் முழுக்க நாளைக்குச் சிரிக்கப்போகிற வாய்கள், எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. இன்றைக்கு ஒருநாள் பாட்டிலைக் கொட்டிவிட்டு அனுப்பினால் என்ன என்றுகூட நினைத்தாள். அனுப்பினால் அந்த நடுங்குகிற கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கும். கொட்டாமல் அனுப்பினால் நடுங்காத கை பிடிக்கும். இரண்டில் எது தேவலை என்று தன் புத்தி கணக்குப் போடுவதைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. உங்க வார்த்தைய நம்பித்தான் அனுப்பறேன் என்று மாமி பிடித்த கையில் மாவு காய்ந்து இறுகியிருந்தது.

சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"யாருக்குட்டி போடுத?"

மாரியப்பன் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அந்தக் கை அந்தரத்திலேயே ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லுங்கோ நாகம்மா" என்றாள் ஷியாமளா. குரலில் இன்னும் காலையில் கிடைத்த நிம்மதி இருந்தது. "என்ன, மாவு எழுந்துடுத்தா?"

"மாமி, இன்னைக்கு வண்டி வராது."

"ஏன்? மழையா?"

"இல்ல மாமி. இனிமே வராது. சார க்ரூப்ல போடச் சொல்லுங்க. மத்த பிள்ளைக வீட்டுக்கும் நீங்களே சொல்லிருங்க. நீங்க இப்பவே கிளம்பிப் போயி பாப்பாவக் கூட்டிட்டு வாங்க."

"நாகம்மா... காலைல நீங்கதானே சொன்னேள், அது வங்காளத்துத் தண்ணின்னு?"

"நான் சொன்னதுதான் மாமி தப்பு. பாப்பா வங்காளத்துல சொல்லல. தமிழ்லதான் சொல்லியிருக்கு. அதுக்கு அர்த்தம் தெரியாமச் சொல்லியிருக்கு, அர்த்தம் தெரிஞ்ச நான் இவுகள நம்பி மாத்திச் சொல்லிட்டேன்."

கட்டிலில் மாரியப்பன் முகத்தை மூடிக்கொண்டான். நாகம்மாவுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போகும்போது மறக்காம ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க மாமி. பிள்ளை தாகத்தோட நிக்கும்."